ராயபுரத்துக் கரியும் எண்ணூர்ச் சாம்பலும்

ராயபுரத்தில் வெள்ளை வேஷ்டி உடுத்துவது ஒரு காலத்தில் துணிச்சலான காரியமாய் இருந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி வந்து இறங்கியும், இரும்புத் தாது கப்பலேறியும் வந்த நாட்களில், கடற்காற்று எழும்பியவுடன் குடித்தனக்காரர்கள் ஜன்னல்களைச் சாத்தி விடுவார்கள். பட்டணத்தில் மற்றப் பேட்டைக்காரர்கள் எந்தக் காற்றுக்காக மத்தியானம் முழுவதும் காத்திருக்கிறார்களோ, அந்தக் காற்றைக் கண்டு ராயபுரத்தார் பயந்தார்கள். கொடியில் காய்கிற துணியிலும், மாடியில் பிழிந்த வடாமிலும், கூடத்துத் தரையிலும் கரி படிந்தது. இவையெல்லாம் துடைத்தால் போகக் கூடியவை. நெஞ்சுக்குள் போன கரியைத் துடைப்பதற்குத் துணி ஏது?

ஜனங்கள் முறையிட்டுப் பார்த்தார்கள். இம்மாதிரி முறையீடுகளுக்கு எவ்வகையான பதில் வரும் என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் விஷயம் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2011-ஆம் வருஷம் மே மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டு, தூசு கிளப்பும் இச்சரக்குகளை இனிச் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது, எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றி விட வேண்டும் என்று உத்தரவு போட்டது. துறைமுகத்தார் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போனார்கள். ஆயினும் அவ்வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி முதல் உத்தரவு அமுலுக்கு வந்தது. கரிக் கப்பல்கள் வடக்கே திரும்பின. துறைமுகத்துக்கு வருமானம் குறைந்தது. கரியை நம்பிப் பிழைத்த தொழிலாளிகளுக்கு வேலை குறைந்தது. ராயபுரத்தார் ஜன்னலைத் திறந்தார்கள்.

ஹைகோர்ட்டுக் கட்டடம் துறைமுகத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. கனம் நீதிபதிகளின் மேஜைகளையும் அந்தத் தூசு விட்டு வைத்திராது என்பது நமது அனுமானம். வாதியின் கஷ்டம் நீதிபதியின் மூக்குக்கும் எட்டுவது அபூர்வமான சௌகரியந்தான்!

இந்த வழக்கில் ஆராயத்தக்க கேள்வி ஒன்று இருக்கிறது. எந்தத் துறைமுகத்தில் எந்தச் சரக்கை இறக்குவது என்பது சர்க்கார் தீர்மானிக்க வேண்டிய காரியம். அதற்கு மந்திரிகள் இருக்கிறார்கள், என்ஜினீயர்கள் இருக்கிறார்கள். நீதிபதிகளை ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. கப்பல் போக்குவரத்து அவர்கள் படித்த பாடமும் அல்ல. அவர்கள் எப்படி இதில் தலையிடலாம்? இது வீண் கேள்வி அல்ல. ஜனநாயகத்தில் நம்பிக்கை உள்ள யாரும் இதைக் கேட்கத்தான் வேண்டும்.

நாம் கணக்கு விடைத்தாள் திருத்தியே வயசைக் கழித்து வருகிற வர்க்கத்தைச் சேர்ந்தவர்களாதலால், நமக்குத் தெரிந்த முறையிலேயே இதைச் சொல்லிப் பார்க்கிறோம். பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர், பையனுக்குப் பதிலாகத் தாமே கணக்கைப் போட்டு வைப்பதில்லை. வழியைக் காட்டியிருக்கிறானா, கொடுத்த எண்களைச் சரியாக எடுத்துக் கொண்டானா, அல்லது கணக்கு எளிதாக முடியட்டும் என்று எண்ணையே மாற்றி எழுதிக் கொண்டானா என்று பார்க்கிறார். வழி இல்லாவிட்டால் ‘திரும்பப் போடு’ என்று தாளை நீட்டுகிறார். சர்க்காரின் தீர்மானங்களைக் கோர்ட்டு மறு பரிசீலனை செய்வது பெரும்பாலும் இவ்வளவுதான். அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவு ஹைகோர்ட்டுகளுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. தீர்மானம் நல்லதா கெட்டதா என்பதைக் காட்டிலும், சட்டம் விதித்த வழியில் செய்யப்பட்டதா, பார்க்க வேண்டியதைப் பார்த்தார்களா, கேட்க வேண்டியவர்களைக் கேட்டார்களா என்பதே அங்கே முதல் கேள்வி.

இங்கிலாந்தில் இதைப் பற்றிய பிரசித்தமான வழக்கு ஒரு சினிமாக் கொட்டகையால் வந்தது என்றால் நேயர்கள் புன்னகை புரியலாம். வெட்னஸ்பரி என்ற ஊரின் நகரசபை, ஞாயிற்றுக்கிழமை சினிமாக் காட்டலாம், ஆனால் பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை விடக் கூடாது என்று லைசென்ஸில் நிபந்தனை போட்டது. கொட்டகைக்காரர் கோர்ட்டுக்குப் போனார். 1947-இல் கிரீன் பிரபு கொடுத்த தீர்ப்பு என்னவென்றால், புத்தியுள்ள எந்த நிர்வாகமும் செய்யத் துணியாத காரியமாயிருந்தால்தான் கோர்ட்டு குறுக்கிடும் என்பது. செம்பட்டை மயிர் என்பதற்காக ஓர் உபாத்தியாயினியை வேலையிலிருந்து நீக்குவதை அவர் உதாரணமாகச் சொன்னார். கொட்டகைக்காரர் தோற்றார். இந்த அளவுகோலை மட்டும் வைத்துக் கொண்டால், ஊர் முழுவதும் கரி படிந்தாலும் நிர்வாகத்துக்குப் பயமில்லை. எந்தச் சர்க்காரும் செம்பட்டை மயிரைக் காரணமாக எழுதி வைக்காது. ‘பொதுஜன நன்மையை முன்னிட்டு’ என்றுதான் எழுதும்.

சுற்றுச்சூழல் விஷயத்தில் நம் நாட்டுக் கோர்ட்டுகள் இதற்கு மேலே ஓர் அடி எடுத்து வைத்தன. காற்றையும் நீரையும் காடுகளையும் காப்பது ராஜ்யத்தின் கடமை என்ற 48-அ பிரிவு 1976-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் 21-ஆவது பிரிவில் சுத்தமான காற்றும் நீரும் அடக்கம் என்று சுப்ரீம் கோர்ட்டு பிறகு வியாக்கியானம் செய்தது. ஆனால் உண்மையான மாறுதல் நம் வேலூரிலிருந்து வந்தது. தோல் பதனிடும் சாலைகளின் கழிவு பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்தது பற்றி வேலூர்ப் பிரஜைகளின் நலச் சங்கத்தார் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு பாதி. மற்றொரு பாதி அதைக் காட்டிலும் முக்கியமானது: தொழிலால் கேடு வரும் என்று குடியானவன் நிரூபிக்க வேண்டியதில்லை, கேடு வராது என்று தொழில் நடத்துகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். கோர்ட்டு வாசலில் நாலு நாள் நின்றவர்களுக்கு இந்தப் பேதம் எவ்வளவு பெரியது என்று தெரியும். கிணற்று நீரைச் சோதனைச் சாலைக்கு அனுப்பக் குடியானவனிடம் காசு ஏது?

இந்த வசதிகள் ஒன்றும் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கும் ராயபுரமே சாட்சி. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து சென்னைத் துறைமுகத்துக்குக் கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கரங்களை நீட்டிக் கட்ட ஆரம்பித்தார்கள். 1881-இல் ஒரு புயல் வந்து அவற்றைச் சிதைத்தது. விடாமல் மறுபடியும் கட்டினார்கள். நமது கரையோரத்தில் அலைகள் வருஷத்தின் பெரும் பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக் கொண்டு போவது வழக்கம். துறைமுகத்தின் கரம் குறுக்கே வந்ததும் மணல் தெற்குப் புறத்தில் தங்கியது. வடக்கே சேர வேண்டிய மணல் வரவில்லை, ஆனால் அலை மட்டும் வந்தது. மெரினா அகன்றது, ராயபுரம் கரைந்தது. மைலாப்பூர்க்காரர்கள் மாலையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிற மணலில் ஒரு பங்கு நியாயமாக ராயபுரத்தாருடையது! ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரையில் சாலையோரமாகக் கடலில் கொட்டிக் கிடக்கும் கருங்கற்களைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பழைய தீர்மானத்தின் விலை இன்னும் கொடுக்கப்பட்டு வருகிறது என்பது விளங்கும். கல் போட்ட இடத்தில் அரிப்பு நின்று, அதற்கு வடக்கே தொடங்கியது. அங்கும் கல் போட்டார்கள். துறைமுகம் வேண்டாம் என்று அன்று யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்பது நமது கட்சி அல்ல. வடக்கே இருக்கும் குப்பத்தாருக்கு என்ன ஆகும் என்று ஒரு கேள்வியாவது தஸ்தாவேஜில் இருந்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அவர்களுக்கு அன்று ஒரு வாசல் இருக்கவில்லை.

நிற்க. வாசல் திறந்த பிறகு, கரி எங்கே போயிற்று என்று பார்ப்போம்.

எண்ணூரில் கொசஸ்தலையாறும், பக்கிங்ஹாம் கால்வாயும், கடலும் கூடுகிற இடத்தில் பெரிய கழிமுகம் ஒன்று இருக்கிறது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஊர்களின் ஜீவனம் அந்தத் தண்ணீரில்தான். இறால், நண்டு, மடவை எல்லாம் ஒரு காலத்தில் அங்கே ஏராளம். வலைகூட இல்லாமல், தண்ணீரில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கும் பெண்களும் அங்கே உண்டு. இந்தக் கழிமுகத்தைச் சுற்றித்தான் அனல் மின்சார நிலையங்களும், எண்ணெய்ச் சுத்திகரிப்புத் தொழிலும், உர ஆலையும், துறைமுகங்களும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் மின்சார நிலையங்களுக்குக் கரி கொண்டு வருவதற்கென்றே கட்டப்பட்டது. கரியை மூட்டை மூட்டையாக வாரிக் கொட்டாமல் இயந்திரப் பட்டைகளில் கொண்டு போகும் வசதி அங்கே இருந்தது. ஆகவே ராயபுரத்துக் கரியை அங்கே அனுப்பியதில் நியாயம் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. ராயபுரத்தாரின் முறையீடு கோர்ட்டின் முன் இருந்தது. துறைமுகத்தார் பதில் சொல்ல இருந்தார்கள். கரி போய்ச் சேரும் கழிமுகத்துக் குப்பத்தார் அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லை. வழக்கு என்பது, யார் கதவைத் தட்டுகிறார்களோ அவர்கள் கொண்டு வந்த காகிதத்துக்குள் அடங்கியது. இங்கே கேடு நின்றதா என்று கோர்ட்டு கேட்கும். நின்ற கேடு எங்கே போய் உட்கார்ந்தது என்பதை, அங்குள்ளவர்கள் தனியாக வந்து தட்டினாலொழிய, கேட்பதற்கு அதற்குச் சந்தர்ப்பமே இல்லை. சர்க்காரின் அனுமதி முறையிலும் இதே குறைதான் இருக்கிறது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனித்தனியாகச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் தன் புகைபோக்கியை மட்டும் அளந்து காட்டுகிறது. பத்துப் புகைபோக்கிகளையும் சேர்த்து மூச்சு விடுகிற குழந்தையை எந்த விண்ணப்பத்திலும் காணோம்.

எண்ணூரார் பிறகு தாங்களே தட்டினார்கள். வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, கழிமுகத்தின் மேலாகக் குழாய்களில் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குக் கொண்டு போகிறார்கள். அந்தக் குழாய்கள் ஒழுகி ஒழுகி, ஆற்றின் அடியில் சாம்பல் படுகை உண்டாகி விட்டது. படகு போன இடத்தில் ஆள் நடக்கலாம் என்றாயிற்று. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மீனவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2010-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்ட இந்தத் தீர்ப்பாயத்தில், நீதிபதியுடன் விஷயம் தெரிந்த நிபுணரும் உட்கார்ந்து விசாரிப்பது ஒரு விசேஷம். நிபுணர் குழு ஒன்று நேரில் சென்று பார்த்து அறிக்கை கொடுத்தது. 2022 ஜூலையில், சாம்பலால் விளைந்த கேட்டுக்கு மின்சார நிர்வாகமே பொறுப்பு, கழிமுகத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இங்கே பிரதிவாதி தனிப்பட்ட முதலாளி அல்லர், சர்க்காரின் சொந்த மின்சார ஸ்தாபனம் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இதற்கு முன்பே கிளம்பிய தேசப்பட விவகாரம்தான் நமக்கு எல்லாவற்றிலும் ஆச்சரியத்தைத் தருகிறது. 1991-இல் மத்திய சர்க்கார் கடற்கரை ஒழுங்கு அறிவிப்பு ஒன்றைப் பிறப்பித்து, எந்தக் கரையில் என்ன கட்டலாம், எங்கே ஒன்றுமே கட்டக் கூடாது என்று வகை பிரித்தது. அதன்படி 1996-இல் அங்கீகரிக்கப்பட்ட தமிழ்நாட்டுப் படத்தில், எண்ணூர்க் கழிமுகம் மிகவும் காப்பாற்றப்பட வேண்டிய முதல் வகையில் குறிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் புழக்கத்துக்கு வந்த வேறொரு படத்தில் அந்தக் கழிமுகத்தின் பெரும் பகுதியைக் காணோம்! 2017-இல், தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டு வாங்கிய படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இந்த அதிசயம் வெளியாயிற்று. ஆறு அங்கேயே இருந்தது, மீன் பிடிப்பவர்களும் அங்கேயே இருந்தார்கள். காகிதத்தில் மட்டும் தண்ணீர் வற்றி விட்டது. கடலைக் குடித்த அகஸ்தியருக்குக்கூட உள்ளங்கை வேண்டியிருந்தது. நம் உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு ரப்பர் போதும் போலிருக்கிறது.

விடைத்தாளைப் பற்றி மேலே சொன்னோமே, கொடுத்த எண்ணை மாற்றி எழுதிக் கொள்ளும் பையன் இவன்தான். கணக்கின் பிற்பகுதியெல்லாம் சரியாகவே இருக்கும். ‘காலி நிலம்’ என்று ஆரம்பித்தால், அதில் கிடங்கு கட்டலாம், சாலை போடலாம், எல்லாம் விதிப்படிதான். ஆகையால்தான் சுற்றுச்சூழல் வழக்குகளில் முதல் பக்கத்தை விட்டு விட்டுக் கடைசிப் பக்கத்தை ஆராய்வது பிரயோஜனமற்றது.

கோவாவில் மோப்பா என்ற மேட்டு நிலத்தில் விமான நிலையம் கட்டும் விஷயத்தில் சுப்ரீம் கோர்ட்டு முதல் பக்கத்தைத்தான் பார்த்தது. விண்ணப்பப் பாரத்தில் சுற்றிலுமுள்ள காடுகளைப் பற்றிய உண்மைகள் மறைக்கப்பட்டிருந்தன என்று கண்டு, 2019 மார்ச்சில் அனுமதியை நிறுத்தி வைத்து, நிபுணர் குழு மறுபடியும் ஆராய வேண்டும் என்றது. மறுபடியும் ஆராய்ந்து, நிபந்தனைகளைக் கூட்டினார்கள். 2020 ஜனவரியில் தடை நீங்கியது. விமான நிலையம் கட்டி முடிந்து, விமானங்களும் பறக்கின்றன. ‘பின் எதற்கு இந்தச் சிரமம்?’ என்று சிலர் கேட்கிறார்கள். மறைத்ததை எழுதச் செய்ததே ஒரு பலன் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அதற்கு மேல் அதிகமாகப் பலன் இருந்தது என்று சொல்லிக் கொள்ளவும் நமக்கு மனம் வரவில்லை.

சேலம் எட்டுவழிச் சாலை வழக்கும் தமிழர்களுக்கு ஞாபகமிருக்கும். ஐந்து ஜில்லாக்களின் வழியாக 277 கிலோமீட்டர்ச் சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிப்புகளைச் சென்னை ஹைகோர்ட்டு 2019 ஏப்ரலில் ரத்துச் செய்தது. சுற்றுச்சூழல் அனுமதி முதலில், நிலம் பிறகு என்பது அதன் கருத்து. 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு வேறு விதமாகச் சொல்லிற்று: நிலம் எடுக்க உத்தேசம் என்று அறிவிப்பதற்கு முன்னால் அந்த அனுமதி அவசியமில்லை, வேலை தொடங்குமுன் வாங்கினால் போதும். சட்டத்தின் வாசகத்தை வைத்துப் பார்த்தால் இதற்கு ஆதாரம் இருக்கலாம். ஆனால் தென்னந்தோப்பில் அளவுக் கல் நட்ட அன்றே குடியானவனின் தூக்கம் போய்விடுகிறது. அந்த நிலத்தை வாங்குவாரும் இல்லை, அதன்மேல் கடன் கொடுப்பாரும் இல்லை. எல்லாம் நிச்சயமான பிறகு ‘சுற்றுச்சூழலுக்குக் கேடு உண்டா?’ என்று விசாரிப்பது, தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பது போலத்தான். நர்மதை அணை வழக்கிலும் இதே சங்கடந்தான் நேர்ந்தது. 2000-ஆம் வருஷத் தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள், அணை இவ்வளவு தூரம் எழும்பிய பிறகு குறுக்கிட மறுத்தார்கள். நீதிபதி பரூச்சா ஒருவர் மட்டும், சுற்றுச்சூழல் விளைவுகளைச் சரிவர ஆராயாமலே அனுமதி கொடுக்கப்பட்டது என்று மாறுபட்டு எழுதி வைத்தார்.

ஆகவே கோர்ட்டு பார்ப்பது காகிதத்தை. அதுவும் உரிய வேளையில் வந்த காகிதத்தை. பெரிய தொழில்களுக்கு அனுமதி கொடுக்குமுன் ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கும் கூட்டம் நடத்த வேண்டும் என்று 2006-ஆம் வருஷத்து அறிவிப்பு சொல்கிறது. அதற்கு முப்பது நாள் முன்னதாகப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்ய வேண்டும். அவற்றில் ஒன்று உள்ளூர் மொழிப் பத்திரிகையாக இருக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தாய்மொழியில் கலெக்டர் கச்சேரி முதலிய இடங்களில் எல்லோரும் பார்க்கக் கிடைக்க வேண்டும். கூட்டத்தில் சொன்னதெல்லாம் குறிப்பெடுக்கப்பட்டு மேலே போக வேண்டும். அங்கே சொல்லப்பட்டு, சர்க்கார் பதில் சொல்லாமல் விட்ட ஆட்சேபம்தான் பிற்பாடு வழக்கில் உயிர்நாடி ஆகிறது. அனுமதி கொடுத்தாகி விட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் அப்பீல் செய்ய முப்பது நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள். அதற்குப் பிறகு வருகிறவருக்கு அப்பீல் கிடையாது.

அந்தப் பத்திரிகை விளம்பரம் எப்படி இருக்கும் என்பதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். டெண்டர் அறிவிப்புக்கும் காணாமற்போன பத்திரத்துக்கும் நடுவில், பூதக்கண்ணாடிக்கு வேலை கொடுக்கும் எழுத்தில் இருக்கும். நமது வீடுகளில் அந்தப் பக்கம் பெரும்பாலும் அலமாரித் தட்டில் விரிப்பதற்குப் போய்விடுகிறது. திருவொற்றியூரிலோ மீஞ்சூரிலோ உறவினர் உள்ளவர்கள் இனி விரிப்பதற்கு முன் ஒரு தடவை அதைப் படிக்கலாம்.

படிக்க வேண்டுமானால் அது தமிழில் இருக்க வேண்டும் அல்லவா? 2020-இல் மத்திய சர்க்கார் மேற்படி 2006-ஆம் வருஷத்து விதிகளை மாற்றுவதற்கு ஒரு வரைவைத் தயாரித்து, தேச ஜனங்கள் எல்லோரும் அபிப்பிராயம் சொல்லலாம் என்று வெளியிட்டது. வெளியிட்டது இங்கிலீஷிலும் ஹிந்தியிலும். எண்ணூர்க் குப்பத்து ஜனங்கள் எந்த மொழியில் அபிப்பிராயம் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார்களோ, தெரியவில்லை. டில்லி ஹைகோர்ட்டில் ஒருவர் வழக்குப் போட்டார். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள எல்லா மொழிகளிலும் வரைவை மொழிபெயர்க்க வேண்டும், அபிப்பிராயம் சொல்லும் கெடுவை ஆகஸ்டு 11 வரையில் நீட்டிக்க வேண்டும் என்று அவ்வருஷம் ஜூன் 30-ஆம் தேதி உத்தரவாயிற்று. மொழிபெயர்ப்பது கடமையல்ல என்று சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அங்கே, ஹைகோர்ட்டுக்கே திரும்பிப் போய்ச் சொல்லிக் கொள்ளுங்கள் என்று அனுப்பி விட்டார்கள். ஜனங்களுக்குக் கொடுக்க வேண்டிய முப்பது நாள் அவகாசத்தை இருபது நாளாகக் குறைக்கலாம் என்ற யோசனையும் அந்த வரைவுக்குள்ளேதான் இருந்தது.